சுடுமண் மணி கோத்த கம்மலில் மட்டும் களிம்பு பிடிக்கிறது, ஏன்?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்)

வணக்கம். வீட்டிலேயே கம்மல் செய்கிறேன். கொக்கி, வளையம் எல்லாம் செம்புக் கம்பியில் நானே வளைப்பவை. வில்லியனூர் சுடுமண் மணி கோத்தவற்றில் சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கிறது. அதே கம்பியில் கண்ணாடி மணி கோத்தால் நிறம் மங்குகிறதே தவிர, களிம்பு அவ்வளவாக இல்லை. மணியின் துளையை ஒட்டித்தான் பச்சை முதலில் தெரிகிறது. கோத்து முடித்ததும் பளபளப்புக்காக, புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் கம்மலை அப்படியே ஊறவைத்துக் கழுவுவேன். கடல் காற்று காரணமா, கம்பி மட்டமா? வாங்கிப் போகிறவர்கள் காதில் பச்சை படிந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கம்பி மட்டமாக இருந்தால் கண்ணாடி மணியிலும் இதே அளவு களிம்பு வந்திருக்குமே. மெருகு பூசாத சுடுமண்ணில் நுண்துளைகள் நிறைய. புளியும் உப்புமான தண்ணீரை மணி உறிஞ்சிவிடும், மேலோட்டமாகக் கழுவினால் உள்ளே போனது வெளியே வராது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துவைத்து, கம்பி மணியைத் தொடும் இடத்தில் செம்பை அரிக்கிறது. கடல் காற்று அதை இன்னும் வேகப்படுத்தும்.

கோப்பதற்கு முன்பே கம்பியைத் தனியாகத் தேய்த்துவிடுங்கள். நைசான உப்புத்தாளே போதும். புளிதான் வேண்டுமென்றால், அப்புறம் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைக்க வேண்டும். ஏற்கெனவே ஊறிய மணிகளை, வர்ணம் அடிக்காதவை என்றால், கழற்றிக் குடிதண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். உப்பு கரிக்கிற போர் தண்ணீர் ஆகாது. அப்புறம் நல்ல வெயிலில் உள்வரை காய வேண்டும்.

பதில் (நெல்லிக்குப்பம்)

அக்கா, மேலே சொன்னது சரி. ஆனால் காதுத் துளைக்குள் போகிற கொக்கி செம்பாக இருக்கவே கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு, மணியைச் சரிசெய்தாலும் அங்கே பச்சை வரும். கொக்கியை மட்டும் 92.5 வெள்ளிக் கம்பியில், 0.8 மில்லிமீட்டர் கனத்தில் வளையுங்கள். வெள்ளி கறுக்கும், துடைத்தால் போய்விடும். வெட்டிய நுனியை உப்புத்தாளில் உருட்டி மழுங்கடிக்க மறக்காதீர்கள், காதைக் கீறிவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கொக்கியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினால் செம்பு தாங்காதா? இன்னொன்று, மணியைக் கழற்ற வளையத்தைத் திறந்தால் கோணிப்போகிறது, வாய் திரும்பச் சேர மாட்டேன் என்கிறது.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

காதில் நுழைகிற இடத்தில் பாலிஷ் வேண்டாங்க. உராய்ந்து உரியும், உரிந்த ஓரத்தில் வியர்வை தங்கும். கீழே தொங்குகிற பகுதிக்கு வேண்டுமானால் பூசலாம்.

வளையத்தை அகட்டித் திறக்காதீர்கள். வாயின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு குறடு வைத்து, ஒன்றை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்புங்கள். மூடும்போது அதே வழியில் திருப்பி, எல்லையைக் கொஞ்சம் தாண்டவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் வாய் இறுக்கமாகச் சேரும்.