எமர்ஜென்சி சென்சார் உண்மையில் எப்படி நடந்தது? இப்போதைய டிவி விவாதம் அதைவிட மேலா, மோசமா?

மாலைநேரம்:
டிவி விவாதத்தில் யாராவது கொஞ்சம் காரமாகப் பேசினால் உடனே மைக்கை அணைப்பது, 'சின்ன இடைவேளை' என்று போய்விட்டு வேறு தலைப்போடு திரும்பி வருவது, இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போய் 'இதற்கு எமர்ஜென்சியே தேவலை' என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமா விடவில்லை. உனக்கு என்ன தெரியும் என்கிறார். ஆனால் அவரே, தமிழ்நாட்டில் 1976 தொடக்கம் வரைக்கும் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் டெல்லியில்தான் என்றும் சொல்கிறார். இது சரியா? பத்திரிகைகளை எப்படித்தான் கட்டுப்படுத்தினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர்:
மாமா சொல்வது பாதி சரி. 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்படும்வரை இங்கே திமுக ஆட்சி. எமர்ஜென்சியை எதிர்த்து 1975 ஜூன் மாதமே தீர்மானம் போட்ட கட்சி அது, அதனால் வடக்கே நடந்த மாதிரி கூட்டம் கூட்டமான கைது இங்கே அப்போது இல்லை. ஆனால் சென்சார் டெல்லியின் கையில் இருந்தது, மாநில அரசு தடுக்க முடியாது. எமர்ஜென்சி வந்த பிறகு துக்ளக் தன் முதல் இதழை அட்டை முழுக்கக் கறுப்பாக விட்டது அந்த 'ஒன்றும் தெரியாத' காலத்தில்தான்.

ஆட்சி கலைந்த பிறகு கதையே வேறு. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று பேப்பரில் போடக்கூடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. வெறும் பெயர்கள், ஊர்கள். சென்சார்காரர் படித்தால் அஞ்சலி அறிவிப்பு, கட்சிக்காரர் படித்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்கிற முழுக் கணக்கு. எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த செய்தி அதுதான், அதில் வினைச்சொல் ஒன்றுகூட இருந்திருக்காது.

கம்பாசிட்டர்மகன்:
அப்பா ஒரு சின்னப் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், அதனால் வேலை எப்படி நடந்தது என்று கேட்டு வளர்ந்திருக்கிறேன். புரூஃப் எடுத்துக்கொண்டு பையன் சென்சார் ஆபீசுக்கு ஓடுவான், எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது, மிஷின் சும்மா நிற்கும், தபால் ரயில் போய்விட்டால் வெளியூர்ப் பிரதி அத்தனையும் வீண். சிவப்புப் பென்சிலில் அடித்து வந்த இடத்தைக் காலியாக விடவும் கூடாது, ஏனென்றால் காலி இடமே ஒரு கருத்து ஆகிவிடும் (இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெற்றிடமாக விட்ட பிறகு அதையும் தடுத்துவிட்டார்கள்). அதற்காகவே கோயில் திருவிழா, சமையல் குறிப்பு எல்லாம் முன்கூட்டியே கோத்து வைத்திருப்பார்களாம். கொஞ்ச நாளில் ஆசிரியரே எது அடிபடும் என்று கணக்குப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார், பென்சிலுக்கு வேலையே குறைந்துவிட்டது என்பார்.

சட்டம்பேசி:
விவாதம் என்று கேட்டதால் ஒரு விஷயம். எல்லாரும் பத்திரிகையைப் பற்றியே பேசுகிறோம், நாடாளுமன்றத்தில் பேசியதையும் போடக்கூடாது என்று இருந்தது பலருக்குத் தெரியாது. அமைச்சர் பேசியதைப் போடலாம், எதிர்க்கட்சி உறுப்பினர் எதிர்த்தார் என்று போடலாம், என்ன சொல்லி எதிர்த்தார் என்று போடக்கூடாது. சபையில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் வழக்குப் போட முடியாது என்று 1956-இல் ஒரு சட்டம் வந்தது, தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி. 1975 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு அதை ரத்து செய்தது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு. அதே கையோடு பிரஸ் கவுன்சிலையும் மூடினார்கள். 1977-இல் ஜனதா ஆட்சி அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, மறு வருடம் 44-ஆவது திருத்தத்தில் 361ஏ என்று அரசியலமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சட்டமன்றங்களுக்கும் அது பொருந்தும்.

மாலைநேரம்:
நன்றி சார், இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், அப்போது தடுத்தது யார் என்று தெரிந்தது. இப்போது யார் தடுக்கிறார்கள் என்றே தெரியவில்லையே, அது இன்னும் மோசம் இல்லையா?

திருச்சிக்காரன்:
தெரியவில்லை என்று யார் சொன்னது? 2018-இல் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாதத்தில் சினிமா இயக்குநர் அமீர் பேசியதை வைத்துத் தகராறு, கடைசியில் வழக்கு சேனல் மேலேயும் பாய்ந்தது. அரங்கத்தில் ஒருவர் பேசியதற்கு மைக் கொடுத்தவன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்றால் அடுத்த முறை மைக்கை அணைக்காமல் என்ன செய்வான்? 1975-இலும் பத்திரிகைக் காகித ஒதுக்கீடு, அரசு விளம்பரம், டெல்லியில் ஒரே ராத்திரியில் பிரஸ்களுக்குக் கரண்ட் கட், இவற்றை வைத்துத்தான் பாதி வேலை நடந்தது. இப்போது கேபிளில் சேனல் எந்த நம்பரில் வரும் என்பது, விளம்பரம், முதலாளியின் மற்ற தொழில்கள். நெறியாளரைத் திட்டிப் புண்ணியமில்லை, அவர் சம்பளக்காரர்.

சட்டம்பேசி:
இதில் எனக்கு உடன்பாடில்லை. வழக்குப் போட்டால் எதிர்த்து வாதாட இன்று கோர்ட் இருக்கிறது, அன்று மிசாவில் உள்ளே போனவருக்கு ஆட்கொணர்வு மனுவே கிடையாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மைக் அணைவதும் ஜெயிலும் ஒன்றில்லை. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளுக்கு என்ன நடந்தது என்று, அதை விசாரித்த இஸ்மாயில் கமிஷன் அறிக்கையைப் படித்துவிட்டு 'தேவலை' என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழையபேப்பர்:
அந்தக் கால இதழ்களைப் பார்க்க ஆசை இருந்தால் முதலில் கன்னிமரா, அப்புறம் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரியுங்கள். எது கிடைக்கும் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், மாமாவையும் கூட்டிப்போங்கள்.