மூணு பேர் நாலாகணுமா? கொடைக்கானல் ராக் குழு பத்தி ஒரு சண்டை

ஏழுரோடு73:
போன சனிக்கிழமை நாயுடுபுரத்துல நம்ம பசங்க வாசிச்சாங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கிட்டார் தம்பி மைக்குல சொல்றாரு: "மே சீசனுக்கு ஒரு ரிசார்ட்ல ஆறு வாரம் வாசிக்கிறோம், பாதி சினிமாப் பாட்டு, கீபோர்டுக்கு ஒருத்தர் சேர்றாரு." கைதட்டிக்கிட்டிருந்தவன் அப்படியே நிறுத்திட்டேன். ஒன்பது வருசம் சொந்தப் பாட்டு மட்டும்னு நின்னவங்க. நாலாவது ஆள் வந்தா அது வேற குழு. என்ன சொல்றீங்க?

வத்தலகுண்டு மாப்ள:
அண்ணே, வீட்டு வாடகை நீங்க குடுக்குறீங்களா? சும்மா கேட்டேன். கனடாவுல ரஷ்னு மூணு பேர் ராக் குழு, அவங்ககிட்ட கீபோர்டு இல்லையா?

ஏழுரோடு73:
இருந்துச்சு. யார் வாசிச்சா? பேஸ் கிட்டார் வாசிச்ச கெடி லீயே வாசிச்சாரு, பாட்டும் பாடிக்கிட்டு, காலால பெடலை மிதிச்சு அடிநாதமும் குடுத்துக்கிட்டு. அப்பல்லாம் குழுவுல நாலாவதா ஒரு ஆளைச் சேர்க்கல. நான் சொல்றதே அதான். மூணு பேர் குழுவுல கிட்டார் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்குப் போனதும் அடியில ஒரு பள்ளம் விழும். அதை ரெண்டு பேர் எப்படி நிரப்புறாங்கங்கறதுதான் சுவாரசியம். சனிக்கிழமை ரெண்டாவது பாட்டைக் கவனிச்சீங்களா? சோலோ ஆரம்பிச்சதும் பேஸ் தம்பி கிட்டார் கழுத்துல மேல ஏறி ரெண்டு கம்பியைச் சேர்த்து அமுக்குறாரு, டிரம்ஸ்காரர் ஹை-ஹாட்டை, அந்த ஜோடித் தட்டை, அரைவாசி திறந்து விடுறாரு. பள்ளமே தெரியல. அங்க ஒரு கீபோர்டைப் போட்டா அந்த ரெண்டு வேலையும் செத்துப் போகும்.

பாம்பார்புரம்:
ஏழுரோடு அண்ணன் பக்கம் நான். ரஷ் 1974ல முதல் ஆல்பத்தை மூன் ரெக்கார்ட்ஸ்னு சொந்த லேபிள்லதான் போட்டாங்க. அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் ரேடியோவுல வேலை பாத்த டோனா ஹால்பர் ஒரு பாட்டை ஒலிபரப்பி, அதைக் கேட்டு ஆளுங்க தேடி வந்துதான் பெரிய கம்பெனி கிடைச்சுது. 1975ல மூணாவது ஆல்பம் விக்கல. சின்னச் சின்னப் பாட்டாப் போடுங்கப்பான்னு கம்பெனி நெருக்குச்சு. இவங்க 1976ல இசைத்தட்டோட ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிசத்துக்கு ஒரே பாட்டு போட்டாங்க. அதுதான் ஓடுச்சு!

வத்தலகுண்டு மாப்ள:
ஓடாம போயிருந்தா இன்னைக்கு நீங்க அவங்க பேரே சொல்லிருக்க மாட்டீங்க. ஜெயிச்சவன் கதையை மட்டும் எடுத்து வச்சுப் பேசுறாய்ங்கப்பா. இங்கிலாந்துல கிரீம்னு மூணு பேர் குழு 1966ல ஆரம்பிச்சு 1968 நவம்பர்ல லண்டன்ல விடைபெற்றுட்டாங்க. கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸோட மூவர் குழுவும் மூணு வருசம் தாங்கல. நம்ம பசங்க ஒன்பது வருசம் தாங்கியிருக்காங்க, அதுவும் இந்த மலையில. ரொம்ப நாள் நின்னது யாருன்னு பார்த்தா அமெரிக்காவோட இசட்இசட் டாப் குழு. பேஸ் வாசிச்ச டஸ்டி ஹில் 2021ல இறக்குற வரைக்கும் அதே மூணு பேர், அரை நூற்றாண்டு. அவங்களும் 1983ல சிந்தசைசரை (கீபோர்டு மாதிரி மின்னணு வாத்தியம்) நிறையவே பயன்படுத்தினாங்க, அந்த ஆல்பம்தான் விற்பனையில கொடிகட்டுச்சு.

அப்புறம் சினிமாப் பாட்டுன்னா கேவலமா? ராஜா பாட்டுல வர்ற பேஸை மூணே பேரா வாசிச்சுப் பாருங்க, கை வெந்துரும்.

மிக்சர்_அண்ணன்:
ஆறு வருசமா இவங்களுக்கு சவுண்டு பாக்குறவன் நான்தான். தெரிஞ்சதைச் சொல்றேன். நவம்பர் பனியில கிட்டார் கழுத்து வளைஞ்சு ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி கூட்டணும். கம்பி ரெண்டு வாரத்துல துரு. பேஸ் தம்பி செருப்புக்கடையில கெஞ்சி ஈரத்தை உறிஞ்சுற அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலங்களை வாங்கிட்டு வந்து பெட்டிக்குள்ள போட்டு வைக்கிறாரு. சாயங்காலம் ஏழு மணியானா வோல்டேஜ் இறங்கி ஆம்ப் முனகும், ஸ்டெபிலைசரைத் தூக்கிட்டுப் போறது நான். டிரம்ஸை வட்டக்கானல்ல இருந்து ஏத்திட்டு வர ஜீப் வாடகை குடுத்தா, கையில நிக்கிறது டீச்செலவுதான்.

சொந்தப் பாட்டு நாப்பது நிமிசம் வாசிக்கிறது வேற, ரிசார்ட்ல மூணு மணி நேரம் வாசிக்கிறது வேற. பாடுறதும் கிட்டாரும் ஒரே ஆள், தொண்டை என்னத்துக்காகும்?

இன்னொண்ணு. நீங்க பள்ளம், அடிநாதம்னு பேசுறீங்க. கீபோர்டுக்காரர் டிரம்ஸ் தம்பியோட மச்சினன். அவர்கிட்ட சொந்தமா வேன் இருக்கு.

வத்தலகுண்டு மாப்ள:
😂😂 இதை முதல்லயே சொல்லியிருந்தா ரஷ், கிரீம் எல்லாரையும் தூங்க விட்டிருக்கலாமே.

பாம்பார்புரம்:
வேனுக்காகக் குழுவை மாத்துவாங்களா? மனசே ஒப்பல.

மிக்சர்_அண்ணன்:
மழையில டிரம்ஸைத் தலையில தூக்கிட்டு நடந்து பாருங்க தம்பி, ஒப்பும்.

ஏழுரோடு73:
சரிப்பா, வேன் வரட்டும், மச்சினனும் வரட்டும். ஒரே கோரிக்கை. ராத்திரிக் கடைசி அரை மணி நேரம் அவர் இறங்கி உக்காரணும், மூணு பேர் மட்டும் சொந்தப் பாட்டு வாசிக்கணும்.

மிக்சர்_அண்ணன்:
நேத்தே கேட்டுட்டேன் அண்ணே. பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போட முடியாது, அதனால ஒன்பதரைல இருந்து பத்து வரைக்கும் அவங்க மூணு பேர். மச்சினனும் சரின்னுட்டாரு, அந்த நேரத்துல சாப்பிட்டுக்கிறாராம்.

ஏழுரோடு73:
ஒன்பதரைக்கு மேல இந்தக் குளிருல எந்த டூரிஸ்ட் வெளிய உக்காருவான்?

மிக்சர்_அண்ணன்:
நீங்க வந்து உக்காருங்க. ஞாயித்துக்கிழமை பிளம்ஸ் தோட்டத்து ஷெட்டுல ரிகர்சல். வர்றவங்க யாராச்சும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டு வாங்க, பழசை எலி கடிச்சிருச்சு.