ஃபெயில்ஓவர் 4 செகண்ட்ல முடிஞ்சுது, கிளையன்ட்டுக்கு மட்டும் 2 மணி நேரம் கழிச்சுதான் விஷயமே தெரியுது

நைட்ஷிஃப்ட் நாகு:
நேத்து ராத்திரி 1:40க்கு எங்க என்எம்எஸ் (நெட்வொர்க்கைக் கண்காணிச்சு அலாரம் காட்டற சிஸ்டம்) ஆக்டிவ் சர்வர் பொட்டுனு போயிடுச்சு, பவர் சப்ளை காலி. ரெண்டு லினக்ஸ் பொட்டி, ஒண்ணு செத்தா இன்னொண்ணு பொறுப்பெடுக்க (அதான் ஃபெயில்ஓவர்) கீப்அலைவ்டினு ஒரு சாஃப்ட்வேர் ஓடுது, விஐபி (ரெண்டுக்கும் பொதுவான ஐபி) 4 செகண்ட்ல காத்துக்கிட்டிருந்த ஸ்டாண்ட்பைக்குப் போய் சர்வீஸ் எல்லாம் எழுந்துடுச்சு, நானும் பெருமையா டீ குடிக்கப் போயிட்டேன். 2:20க்கு சைட்ல இருந்து ஒரு பையன் போன், "அண்ணே லிங்க் டவுனாகி கால் மணி நேரமாச்சு, உங்களுக்கு ஒண்ணும் வரலையா"னு. ஸ்க்ரீனைப் பாத்தா கீழ் மூலையில பச்சைப் புள்ளி, 'கனெக்டட்'னு போட்டிருக்கு, ஆனா கடைசி அலாரம் 1:39. ஃப்ளோர்ல திறந்து கிடந்த 23 கிளையன்ட்ல (அலாரம் பாக்கற விண்டோ) 17ல இதே கதை. 6 மட்டும் யாரும் தொடாமலே திரும்பி வந்திருக்கு. புதுசா லாகின் பண்ணா அலாரம் கொட்டுது. லீட் 'எல்லாரும் மூடித் திறங்க'னு சொல்லிட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. தப்பு எங்கேன்னு யாராவது சொல்லுங்க.

ரன்புக் குமரன்:
உங்க லீட் சரியாத்தான் பண்ணிருக்காரு. ஃபெயில்ஓவர் ஆச்சுன்னா கிளையன்ட்டை மூடித் திற, இது எங்க ரன்புக்ல (பிரச்சனை வந்தா என்ன செய்யணும்னு எழுதி வெச்ச கையேடு) மூணாவது வரி. 23 பேருக்கு ஒரு மெசேஜ், 2 நிமிஷ வேலை. ராத்திரி 2 மணிக்கு ரிசர்ச் பண்ணிக்கிட்டு இருந்தா எஸ்எல்ஏ (கஸ்டமருக்குக் கொடுத்த சேவை உறுதி) அபராதம் யார் கட்டுவா.

பாக்கெட் பாண்டி:
மூடித் திறக்கறது வைத்தியம் இல்ல குமரா, தைலம் தடவற மாதிரி. நாகு, எனக்கு ஏஆர்பி (ஒரு ஐபி எந்த நெட்வொர்க் கார்டு முகவரியில, அதாவது மேக்ல, இருக்குன்னு கண்டுபிடிக்கற முறை) மேலதான் சந்தேகம். கீப்அலைவ்டி சும்மா விட்டா விர்ச்சுவல் மேக் யூஸ் பண்ணாது, அந்தந்தப் பொட்டியோட நிஜ மேக்தான் போகும், அதனால விஐபி நகரும்போது கிராச்சுட்டஸ் ஏஆர்பி அனுப்பி 'இனிமே இந்த ஐபி என்கிட்ட'னு ஊருக்குச் சொல்லணும். அது நடுவுல தொலைஞ்சா ரவுட்டர் பழைய மேக்கையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கும், சிஸ்கோ ரவுட்டர்ல ஏஆர்பி டைம்அவுட் டிஃபால்ட் 4 மணி நேரம்.

நைட்ஷிஃப்ட் நாகு:
பாண்டி அண்ணே, அதே பிசியில பழைய விண்டோவை மூடாமலே பக்கத்துல புது விண்டோ திறந்தேன், உடனே வேலை செஞ்சுது. ஒரே பிசி, ஒரே கேட்வே, ஒரே விஐபி.

பாக்கெட் பாண்டி:
சரி அப்ப ஏஆர்பி இல்ல, வாபஸ். ஒண்ணு சொல்லு, தானா திரும்பி வந்த அந்த 6 பேரு அந்த நேரத்துல என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

நைட்ஷிஃப்ட் நாகு:
இப்பதான் கேட்டுட்டு வரேன். நாலு பேர் அலாரம் அக்னாலெட்ஜ் பண்ணிட்டு இருந்திருக்காங்க, ரெண்டு பேர் டோப்பாலஜி மேப்ல ஏதோ க்ளிக் பண்ணிருக்காங்க. மத்த 17 பேர் சும்மா பாத்துக்கிட்டு இருந்தவங்க, நான் உள்பட (டீ).

தேவி ஓஎஸ்எஸ்:
கிடைச்சுடுச்சு பாருங்க. க்ளிக் பண்ணவங்க கிளையன்ட் ஒரு பாக்கெட்டாவது விஐபிக்கு அனுப்பிருக்கும், அங்க இப்ப புது சர்வர், அதுக்கு இந்தக் கனெக்‌ஷன் பத்தி ஒண்ணுமே தெரியாது, அதோட கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) உடனே ரீசெட் ('இப்படி ஒரு கனெக்‌ஷனே இல்ல'ன்னு சொல்ற பாக்கெட்) அனுப்பும், கிளையன்ட் 'ஐயோ அறுந்துடுச்சு'னு மறுபடி கனெக்ட் பண்ணிக்கும். உங்களோடது வெறுமனே கேக்கற கிளையன்ட். செத்த சர்வர் ஃபின் ('மூடறேன்'னு சொல்ற பாக்கெட்) அனுப்பிட்டா சாகும்? கரன்ட் போனா போனதுதான். இந்தப் பக்கம் சாக்கெட் (கனெக்‌ஷனோட இந்த முனை) எஸ்டாப்ளிஷ்ட்ல ('இணைப்பு இருக்கு'ங்கற நிலை) உக்காந்து, எதிர்ல ஆள் இல்லாத போனைக் காதுல வெச்சுக்கிட்டு இருக்கு. டிசிபியில (இந்தக் கனெக்‌ஷனை நடத்தற நெறிமுறை) யாரும் பேசலன்னா லைன் இருக்கா இல்லையான்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியாது. இது டிசிபியோட குறை இல்ல, அப்படித்தான் கட்டிருக்காங்க. பச்சைப் புள்ளி எதை வெச்சு எரியுதுன்னு கிளையன்ட் எழுதினவங்களைக் கேளுங்க, சாக்கெட் திறந்திருக்கான்னு மட்டும்தான் பாத்திருப்பாங்க.

நைட்ஷிஃப்ட் நாகு:
அதான் சரி போல! தொடாம விட்ட நாலஞ்சு பிசியில 3:39 வாக்குல ஒண்ணொண்ணா 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்து தானா ரீகனெக்ட் ஆச்சு. 1:39 கடைசி அலாரம், சரியா 2 மணி நேரம்.

ரன்புக் குமரன்:
2 மணி நேரம்னா 7200 செகண்ட், டிசிபி கீப்அலைவ் டிஃபால்ட் (சும்மா கிடக்கற கனெக்‌ஷன் உயிரோட இருக்கான்னு ப்ரோப் பாக்கெட் அனுப்பிப் பாக்கறது, கீப்அலைவ்டி வேற). அப்ப இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு, ரெண்டு சர்வர்லயும் சிஸ்கன்ட்ரோல்ல (லினக்ஸ் கர்னல் செட்டிங் மாத்தற கமாண்ட்) கீப்அலைவ் டைமை 60 ஆக்கி விடு, முடிஞ்சுது.

தேவி ஓஎஸ்எஸ்:
குமரன், எந்த சர்வர்ல? செத்தது எழுந்து வந்து ப்ரோப் அனுப்பாது. புதுசுக்கு இந்தக் கனெக்‌ஷனே தெரியாது, அது யாருக்கு அனுப்பும்? விசாரிக்க வேண்டியது உயிரோட இருக்கற கிளையன்ட் பக்கம். அது விண்டோஸ், அங்கேயும் டிஃபால்ட் 2 மணி நேரம்தான். நாகுவோட பிசிங்க 3:39க்கு அனுப்பினது அதுங்களோட முதல் ப்ரோப், அதுக்குத்தான் ரீசெட் திரும்பி வந்திருக்கு.

ரன்புக் குமரன்:
சரி, சர்வர்ல இல்ல, பிசியில விண்டோஸ் செட்டிங் இருக்கற ரெஜிஸ்ட்ரில மாத்து. எல்லா பிசிக்கும் சேத்து க்ரூப் பாலிசியில தள்ளினா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும், 'ஹார்ட்பீட் (அப்ளிகேஷனே அடிக்கடி அனுப்பற உயிர்த்துடிப்பு மெசேஜ்) வேணும்'னு. அதுக்கு வெண்டர்கிட்ட கேஸ் போட்டு, அவன் அடுத்த ரிலீஸ்னு சொல்லி, அதுக்குள்ள நாகுக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும்.

தேவி ஓஎஸ்எஸ்:
வெண்டர் லேட் பண்ணுவான்றதை ஒத்துக்கறேன், ரெஜிஸ்ட்ரியும் மாத்துங்க, தடுக்கல. ஆனா அதோட தூங்கிடாதீங்க. கீப்அலைவுக்குப் பதில் சொல்றது கர்னல், உங்க அப்ளிகேஷன் இல்ல. நாளைக்கு சர்வர் உயிரோட இருக்கும், அலாரம் அனுப்பற ப்ராசஸ் மட்டும் டெட்லாக்ல (ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு உறைஞ்சு நிக்கறது) மாட்டிக்கும், கர்னல் பாட்டுக்கு 'இருக்கேன் இருக்கேன்'னு அக் அனுப்பிட்டே இருக்கும், உங்க புள்ளி விடிய விடிய பச்சையா எரியும். அலாரம் வர அதே வழியில 10 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்ன மெசேஜ் வரணும், மூணு வரலன்னா கிளையன்ட் சிவப்பாகணும்.
இன்னொண்ணு, ரீகனெக்ட் ஆனா மட்டும் போதாது. ஸ்டாண்ட்பை எழுந்த அந்த 4 செகண்ட்ல வந்த ட்ராப் (கருவிங்க அனுப்பற அலாரம் மெசேஜ்) எல்லாம் யூடிபி (போய்ச் சேந்துதான்னு பாக்காத நெறிமுறை) போர்ட் 162, போனது போனதுதான், யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. கருவிகள்ல இப்ப ஆக்டிவா இருக்கற அலாரம் லிஸ்ட்டைப் புது சர்வர் முழுசா இழுத்து ஒப்பிடணும். அதைச் செய்யுதான்னு பாத்தீங்களா?

நைட்ஷிஃப்ட் நாகு:
பாக்கல. பாத்துட்டு சொல்றேன். இதுல இன்னொரு தலைவலியும் இருக்கு. காலைல ப்ரொவிஷனிங் டீம் கத்தறாங்க, 5 ரவுட்டர்ல கான்ஃபிக் தள்ள முடியல, நெட்கான்ஃப்ல (ரவுட்டர் கான்ஃபிக் மாத்தற நெறிமுறை) 'லாக் டினைட்'னு (வேற யாரோ பூட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்) வருது, கூடவே ஒரு செஷன் நம்பர்.

பாக்கெட் பாண்டி:
ஹாஹா, அதே பேய் மறு பக்கம். பழைய சர்வர் சாகும்போது ரவுட்டரோட நெட்கான்ஃப் போர்ட் 830ல எஸ்எஸ்ஹெச் செஷன் திறந்து லாக் போட்டு வெச்சிருக்கு. செஷன் முடிஞ்சா லாக் தானா விடும், ஆனா ரவுட்டருக்கு செஷன் முடிஞ்சதே தெரியாது. இங்க உங்க கிளையன்ட் மாதிரி அங்க ரவுட்டர்.

ரன்புக் குமரன்:
எங்ககிட்ட இதுக்கு ஸ்கிரிப்டே இருக்கு. லாக் டினைட் வந்தா அந்த நம்பரை எடு, கில் செஷன் (அந்த செஷனைத் துண்டிக்கற கமாண்ட்) அடி, திரும்ப ட்ரை பண்ணு. ரெண்டு வருஷமா ஓடுது.

தேவி ஓஎஸ்எஸ்:
பயமா இருக்கு குமரன். அந்த நம்பர் பகல்ல வேலை பாக்கற ஒரு ஆளோட செஷனா இருந்தா? அவர் கன்ஃபர்ம்ட் கமிட் (நேரத்துக்குள்ள உறுதி பண்ணலன்னா தானா பழசுக்குத் திரும்பற மாற்றம்) போட்டுட்டு லிங்க் சரியா வருதான்னு பாத்துட்டு இருப்பாரு, டிஃபால்ட் 600 செகண்ட் அவகாசம், நடுவுல உங்க ஸ்கிரிப்ட் கழுத்தைப் பிடிச்சா ரவுட்டர் பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பிடும். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பாரு.

ரன்புக் குமரன்:
ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஆகல.

தேவி ஓஎஸ்எஸ்:
ஆனது உங்களுக்குத் தெரியல.

பாக்கெட் பாண்டி:
சண்டை வேணாம். நெட்கான்ஃப் மானிட்டரிங் சப்போர்ட் இருக்கற ரவுட்டர்ல செஷன் லிஸ்ட் கேட்டா யூசர் பேர், எங்க இருந்து வந்தது, எப்ப லாகின் எல்லாம் வரும். செத்த பொட்டியோட நிஜ ஐபில இருந்து வந்ததா, லாகின் 1:40க்கு முன்னாடியா, ரெண்டும் ஆமான்னா கொல்லு. குமரா, உன் ஸ்கிரிப்ட்ல இந்த ரெண்டு இஃப் போடறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? ஆனா ஒரு கொக்கி, சர்வர் ரவுட்டருக்குப் போகும்போது விஐபியையே சோர்ஸா வெச்சிருந்தா பழசு எது புதுசு எதுன்னு ஐபியை வெச்சுப் பிரிக்க முடியாது, நேரம் ஒண்ணுதான் சாட்சி.

நைட்ஷிஃப்ட் நாகு:
எங்களுது நிஜ ஐபிதான். 5ல 4 பழைய பொட்டியோடது, கொன்னாச்சு, கான்ஃபிக் போயிடுச்சு. அஞ்சாவது ப்ரொவிஷனிங் டீம்லயே ஒருத்தர் லேப்டாப்ல திறந்து வெச்சுட்டு சாப்பிடப் போயிருக்காரு. தேவி மேடம் சொன்னது கேட்டுக்கிட்டு நின்னது நல்லதாப் போச்சு.
அலாரம் லிஸ்ட்டும் ஒப்பிட்டேன். ரெண்டு கார்டு ஃபெயில், அந்த 4 செகண்ட்ல வந்தது, புது சர்வர்ல இல்லவே இல்ல. ரீசிங்க் (லிஸ்ட்டை மறுபடி முழுசா இழுக்கறது) கையால அடிச்சதும் வந்துச்சு.

ரன்புக் குமரன்:
சரி சரி, இஃப் போடறேன். ஆனா ஹார்ட்பீட் வர வரைக்கும் நாகு என்ன பண்ணுவான்? ரன்புக்ல நாலாவது வரி சேத்துட்டேன்: 'பச்சைப் புள்ளியைப் பாக்காதே, கடைசி அலாரம் நேரத்தைப் பாரு'.

நைட்ஷிஃப்ட் நாகு:
நான் வேற ஒண்ணு போட்டிருக்கேன். ஒரு பழைய லினக்ஸ் மெஷின்ல க்ரான் (நேரப்படி தானா ஓடற வேலை), 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை விஐபிக்கு ஒரு டம்மி ட்ராப், 'நான் இருக்கேன்'னு எல்லார் விண்டோலயும் விழும். அது விழலன்னா எங்கேயோ அறுந்திருக்குன்னு அர்த்தம்.

பாக்கெட் பாண்டி:
அருமை. ட்ராப் உள்ள வர வழி, ப்ராசஸ், கிளையன்ட் மூணும் ஒரே அடியில செக் ஆகுது.

தேவி ஓஎஸ்எஸ்:
நல்ல ஐடியா. ஒரு வாரம் பாருங்க, 23 பேர்ல எத்தனை பேர் அந்த டம்மி அலாரத்தை ஃபில்டர் போட்டு மறைச்சு வெச்சிருக்காங்கன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட் நாகு:
இப்பவே ரெண்டு பேர் போட்டுட்டாங்க. ஒருத்தர் எங்க லீட்.