புதுப்பிப்பு: நஷ்டத்தை அன்றே மீட்கத் துடிக்கும் மனம்

பங்குச் சந்தையில் நஷ்டப்பட்ட கையோடு பழிவாங்குவதுபோல் அடுத்த வர்த்தகத்தில் இறங்குவதை எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். தியானத்தைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. எனக்கு அது ஒத்துவரவில்லை. பலன் தந்தது வேறு. பங்கை வாங்கும்போதே ஸ்டாப் லாஸையும் (விலை நான் குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆணை) சேர்த்துப் போட்டுவிடுகிறேன். அன்றைய நஷ்டம் மூலதனத்தில் 2 சதவீதத்தைத் தொட்டால் கணினியை அணைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். 20 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஈட்ட வேண்டும். 50 போனால் 100. கோபத்தில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு எங்கே ஏறுகிறது? நஷ்டத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் துணிந்து சூதாடத் தலைப்படுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

இன்னும் தீராதது ஒன்று: லாபத்தில் இருக்கும் பங்கைப் பதறி விற்பது. விலை ஏற ஏற ஸ்டாப் லாஸையும் மேலே நகர்த்திப் பார்க்கிறேன். விரல் என்னவோ விற்கும் பொத்தானையே வட்டமிடுகிறது. வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.