பிரண்டைத் துவையல் தொண்டையை அரிப்பது ஏன்?

கேள்வி:
எங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் பிரண்டையைப் பறித்துச் சென்ற வாரம் முதன்முறையாகத் துவையல் அரைத்தேன். உண்ட சில நிமிடங்களிலேயே நாக்கும் தொண்டையும் அரிக்கத் தொடங்கின. அடங்க அரை மணி நேரமாயிற்று. பாட்டி அரைத்த துவையல் ஒருநாளும் இப்படி அரித்ததில்லை. நான் செய்த பிழை என்ன? மேலும், மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுடன் இருக்கும் என் அம்மாவுக்கு இதைக் கொடுத்தால் எலும்பு விரைவில் கூடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பலாமா?

மறுமொழி 1:
முற்றிய தண்டைப் பறித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுக்கள் வரை, நகத்தால் கிள்ளினால் ஒடியும் இளந்தண்டு மட்டுமே துவையலுக்கு ஏற்றது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நறுக்கி எறிந்துவிட்டு, நான்கு விளிம்பிலும் உள்ள நாரை உரித்தெடுக்க வேண்டும். எண்ணெய் தடவாமல் ஆய்ந்தால் கையே அரிக்கும். பிறகு தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, பச்சை நிறம் மாறித் தண்டு சுருளும் வரை பொறுமையாக வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், தேங்காயோடு சற்றுக் கூடுதலாகவே புளி வைத்து அரையுங்கள். அரைகுறையாக வதக்கினால் எவ்வளவு புளி வைத்தாலும் அரிப்பு போகாது. எங்கள் வீட்டில் திவசத்துக்குச் சமைக்கும்போது இந்தத் துவையல் தவறாமல் இடம்பெறும். அப்பளத்துக்கு உளுந்து மாவு பிசையும்போதும் பிரண்டைச் சாறு சேர்ப்பார்கள்.

மறுமொழி 2:
அரிப்புக்குக் காரணம் தண்டில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஊசிபோன்ற அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. சேம்பும் கருணையும் அரிப்பதும் இதனால்தான். ஆகவே, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பிரண்டையை அடிக்கடி உண்ணாமலிருப்பது நல்லது. 'பிரண்டையில் கால்சியம் மிகுதி, அதனால் எலும்புக்கு நல்லது' என்ற வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது: ஆக்சலேட்டோடு பிணைந்த கால்சியத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.

அதற்காக எலும்பைப் பற்றிய நம்பிக்கை முழுவதையும் தள்ளிவிட முடியாது. வச்சிரவல்லி என்ற பெயரில் சித்த மருத்துவம் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்தி வருகிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பாவும் பிரசாத்தும் 1964இல் வெளியிட்ட ஆய்வு, எலும்பு முறிவு ஆறுவதற்குப் பிரண்டை துணைசெய்கிறது என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் அவ்வகை ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது அளவறிந்து தயாரித்த சாறு. நம் தட்டில் ஒரு கரண்டி துவையலாக விழுவது அதுவன்று. அம்மாவுக்குத் துவையலை உணவாகக் கொடுங்கள், மருந்தாக எண்ணாதீர்கள். மாத்திரையாகவோ பொடியாகவோ கொடுப்பதென்றால், கட்டுப்போட்ட மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மறுமொழி 3:
வேலியில் பறித்தது பிரண்டைதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாதலால், கணுவில் பற்றுக்கம்பி இருக்கும். ஒடித்தால் பால் வடியாது. வேலிகளில் வளரும் சதுரக்கள்ளியின் தண்டும் பட்டைபட்டையாக இருந்தாலும், அதில் முள் இருக்கும், கீறினால் வெண்மையான பால் பீறிடும். அந்தப் பால் நஞ்சு. கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.

கேள்வி கேட்டவர்:
பற்றுக்கம்பி இருக்கிறது, பாலும் வடியவில்லை, ஆகவே பிரண்டைதான். ஆனால் நான் பறித்தது விரல் பருமனுள்ள அடித்தண்டு; நாரையும் உரிக்கவில்லை. சதைப்பற்று மிகுந்த பகுதியே நல்லது என்று எண்ணிவிட்டேன். மழைக்குப் பின் புதிய கொழுந்து விட்டிருக்கிறது. நாளை அதைக் கிள்ளி அரைத்து, முதலில் நானே உண்டு பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கொடுக்கிறேன்.