மகள் நாடக அரங்க நிர்வாகம் படிக்கப் போகிறாளாம்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

நிரந்தர வதிவிட அனுமதியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் ஏ.எல்.இல் நாடகமும் அரங்கியலும் எடுத்தவள். நடிக்க விருப்பமில்லை, நாடகக் குழுக்களை நடத்துகிற நிர்வாக வேலைதான் வேண்டும், அதைத்தான் கம்பஸில் படிப்பேன் என்று நிற்கிறாள். அப்படி ஒரு வேலை உண்மையில் இருக்கிறதா? இப்போதிருந்தே அவளை எப்படித் தயார்படுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

அண்ணா, இருக்கிறது. நான் 14 வருடமாக அந்த வேலைதான் செய்கிறேன். வாசலில் ரிக்கற் பார்த்து ஆட்களை உள்ளே விடுவதில் தொடங்கினேன். பிறகு ரிக்கற் கவுண்டர். இப்போது ஒரு நாடகக் குழுவுக்கு நிதி திரட்டுகிறேன். நீங்கள் கேட்டதை என் அம்மாவும் ஒருநாள் கேட்டவர், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊரில் கோயில் திருவிழாவுக்குக் காத்தவராயன் கூத்துப் போட்டதை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் பழக்கியவர் அண்ணாவியார். ஆனால் உபயகாரரிடம் காசு சேர்த்தது, நோட்டீஸ் அடித்தது, மைக்செற்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தது, விடியவிடிய ஆடியவர்களுக்குத் தேத்தண்ணி அனுப்பியது, கடைசியில் கொப்பியில் வரவு செலவு எழுதிச் சபையில் வாசித்தது, இதெல்லாம் இன்னொருவர். இங்கே அந்த இன்னொருவரின் வேலையை ஐந்தாறு பேருக்குப் பிரித்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். கணக்கும் ஒப்பந்தங்களும் பொது முகாமையாளரிடம். நாடகம் நடக்கும் இரவில் பார்வையாளர் பக்கம் முழுக்க ஹவுஸ் மனேஜர் பொறுப்பு. வெளியூர் நடிகர்களின் பயணமும் தங்குமிடமும் கம்பனி மனேஜர் பார்ப்பார். விளம்பரத்துக்கும் நிதி திரட்டலுக்கும் தனித்தனி ஆட்கள். என் அனுபவத்தில், நிதி திரட்டத் தெரிந்தவர் இந்தத் துறையில் வேலையில்லாமல் அதிக நாள் இருப்பதில்லை.

இந்த வேலையால் என்ன ஆகும் என்று வீட்டில் யாராவது கேட்டால் ஸ்ராற்போர்ட் ஊரின் கதையைச் சொல்லுங்கள். இங்கிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரயில் எஞ்சின் திருத்தும் பட்டறையை நம்பி வாழ்ந்த ஊர் அது. அந்தத் தொழில் நலிந்துகொண்டிருந்த காலத்தில், ரொம் பற்றர்சன் என்ற பத்திரிகையாளர் தன் ஊரில் ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்த வேண்டும் என்றார். அவர் நடிகரும் அல்ல, இயக்குநரும் அல்ல. நகரசபையிடம் 125 டொலர் வாங்கிக்கொண்டு பிரபல ஆங்கில நடிகர் லோரன்ஸ் ஒலிவியேயைப் பார்க்க நியூயோர்க் போனார். அது சரிவரவில்லை. விடாமல் தேடி, டைரோன் கத்ரி என்ற பிரித்தானிய நாடக இயக்குநரைப் பிடித்தார். 1953 ஜூலையில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் விழா தொடங்கியது. இன்று அந்த ஊருக்கு ஆட்கள் போவதே நாடகம் பார்க்கத்தான். அங்கே ஒரு அரங்குக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் படிக்க நினைப்பது அவர் செய்த வேலையைத்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கலை முகாமைத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அதில் கோ-ஒப் பிரிவும் உண்டு. கோ-ஒப் என்றால் படிப்பின் நடுவே சில தவணைகள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து படிப்பது. இடம் கிடைத்தால் அந்தப் பிரிவையே எடுக்கச் சொல்லுங்கள். எங்கே படித்தாலும் கணக்கியலில் ஒரு பாடமாவது வேண்டும். நாடக வரலாறு வடிவாகத் தெரிந்த, ஆனால் ஒரு வரவு செலவுத் தாளைப் பார்த்தால் தடுமாறுகிற பட்டதாரிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நல்ல பிள்ளைகள், ஆனால் வேலை எடுப்பதற்குள் படாத பாடு பட்டுவிடுகிறார்கள்.

பட்டத்தைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. முதல் வருடத்திலேயே ஏதாவது ஓர் அரங்குக்குள் அவள் கால் வைத்துவிட வேண்டும். மூன்றாம் வருடம்வரை பொறுத்திருக்கக் கூடாது. ஆட்களை இருக்கைக்குக் கூட்டிப்போகும் அஷர் வேலை போதும். பல இடங்களில் அது தொண்டர் வேலை, சில இடங்களில் சம்பளமும் உண்டு. (தம்பி தங்கைகள் ஹைஸ்கூலில் இருந்தால், ஒன்ராறியோவில் டிப்ளோமாவுக்குக் கட்டாயமான 40 மணி நேரத் தொண்டர் வேலையை அவர்களும் இப்படியான இடத்தில் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.) இடைவேளைக் கவுண்டரில் மதுபானமும் விற்பார்கள். அதில் நிற்க 'ஸ்மார்ட் சேர்வ்' என்ற சான்றிதழ் வேண்டும். பிள்ளை அங்கே நிற்கிறாளே என்று நீங்கள் கவலைப்படலாம். அது முறையான, சட்டத்துக்கு உட்பட்ட வேலை. அந்தச் சான்றிதழ் இருந்தால் வேலை கெதியாகக் கிடைக்கும்.

அஷர் வேலையில் என்ன படிக்க இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இரவும் நாடகம் முடிந்ததும் ஹவுஸ் மனேஜர் ஓர் அறிக்கை எழுதுவார். 8:00 மணிக்குத் தொடங்க வேண்டியது 8:06க்குத் தொடங்கியது, ஏன். பிந்தி வந்தவர்கள் 11 பேர், எந்தக் காட்சிக்குப் பிறகு உள்ளே விட்டோம். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாவுக்குத் தலைசுற்று, தண்ணீர் கொடுத்தோம், அம்புலன்ஸ் தேவைப்படவில்லை. விற்றது இத்தனை, வந்தது இத்தனை. இரண்டாவது மாதத்தில் அந்த அறிக்கையைத் தானே எழுதிப் பழகலாமா என்று மகள் கேட்கட்டும். என்னிடம் அப்படிக் கேட்ட பிள்ளைகளின் பெயரை நான் மறந்ததில்லை.

இன்னொன்று, வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. லாபநோக்கு இல்லாத நாடகக் குழுக்களில் பல, பதிவுபெற்ற அறக்கட்டளைகள். அவை ஒவ்வொரு வருடமும் 'ரி 3010' என்ற படிவத்தை வருமானவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். அதன் விவரங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மகளுக்குப் பிடித்த மூன்று குழுக்களின் படிவங்களை எடுத்து, அரச காசு எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். நேர்முகத்துக்குப் போகுமுன் அந்தக் குழுவின் மூன்று வருடப் படிவத்தைப் படித்துக்கொண்டு போகிற மாணவர் மிகக் குறைவு.

மானிய விண்ணப்பம் எழுதவும் பழக வேண்டும். கனடா கலை மன்றம் 1957இல் தொடங்கியது, ஒன்ராறியோ கலை மன்றம் 1963இல், ரொறன்ரோ கலை மன்றம் 1974இல். குழுக்கள் இந்த மூன்றிடமும் விண்ணப்பிக்கும். பெரும்பாலும் துறையில் இருக்கும் கலைஞர்களே கூடியிருந்து விண்ணப்பங்களை மதிப்பிடுகிறார்கள். அதனால் அலங்கார வசனம் எடுபடாது, கணக்குத்தான் பேசும். நான் முதன்முதலில் ஒரு சின்னத் தமிழ்க் குழுவுக்கு எழுதியபோது மண்டப வாடகையை 9,000 டொலர் என்று போட்டேன். 13 வீத விற்பனை வரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். 1,170 டொலர் துண்டு விழுந்தது. அந்தக் காசைக் குழுவில் இருந்த ஐந்து பேர் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த விலை கேட்டாலும் "வரியோடு சேர்த்தா?" என்பதுதான் என் அடுத்த கேள்வி.

நம் சமூகத்திலேயே பழக ஓர் இடம் இருக்கிறது, அரங்கேற்றம். மார்க்கம் அரங்கு போன்ற இடங்களை வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தம், காப்புறுதி, ஒளி ஒலிப் பணியாளரின் மணிக்கணக்கு எல்லாம் வரும். பல இடங்களில் பணியாளர் இரண்டு மணி நேரம் நின்றாலும் நான்கு மணி நேரக் காசு கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி பிந்தினால் அதற்கும் தனிக் காசு. தெரிந்த குடும்பம் யாராவது அரங்கேற்றம் வைத்தால் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்கத் தரும்படி மகள் கேட்கட்டும். "கொஞ்சம் பொறுங்கோ, இப்ப தொடங்கிவிடுவம்" என்ற நம் வழக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அதில் வடிவாகத் தெரியும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வங்கியிலும் கம்பியூட்டர் துறையிலும் வருகிற காசு இதில் வராது. முதல் சில வருடங்கள் ஒப்பந்த வேலைதான், ஆறு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே. அவளிடம் இப்போதே கதைத்து முடிவெடுங்கள். அரசின் கோடைகால வேலைத் திட்டம் 15 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு, சின்ன நாடகக் குழுக்களும் அதில் ஆள் எடுப்பார்கள். நிரந்தர வதிவிடம் உள்ளதால் உங்கள் மகளுக்குத் தகுதி உண்டு.

மாணவர் விசாவில் வந்து இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: அந்தக் கோடைகால வேலைத் திட்டம் உங்களுக்கு இல்லை. 2024 நவம்பரில் விதிகளும் மாறின. பட்டம் அல்லாத கல்லூரிச் சான்றிதழ் படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி வேண்டுமானால், அரசு பட்டியலிட்ட துறைகளில் அது இருக்க வேண்டும். கலை நிர்வாகம் அந்தத் துறைகளில் வராது. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. காசு கட்டுமுன் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் அன்றைய விதியைப் பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

தொடர் கேள்வி:

மிக்க நன்றி தங்கச்சி. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. மகளுக்கு ஆங்கிலம் எழுத வரும், கதைக்கும்போது தடுமாறுகிறாள். அங்கே எடுப்பார்களா?

பதில்:

எடுப்பார்கள் அண்ணா. ரிக்கற் கவுண்டரில் ஒரு சீசன் நின்றால் பேச்சு வந்துவிடும். இருக்கை மாற்ற வேண்டும், காசு திருப்பித் தர வேண்டும், சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டும் என்று ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

அவளுடைய தமிழ் இங்கே பெரிய பலம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இத்தனை தமிழர் இருக்கிறோம், நகர மையத்து அரங்குகளில் எங்கள் முகங்கள் அபூர்வம். அந்தக் கூட்டத்தை உள்ளே கொண்டுவரத் தெரிந்த ஒருவர் எந்தக் குழுவுக்கும் வேண்டும். 90களில் தொடங்கிய மனவெளி கலையாற்றுக் குழு இங்கே 'அரங்காடல்' என்று தமிழ் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. அப்படியான நிகழ்வுகளுக்குப் போனால் இந்த வேலையைத் தமிழில் செய்தவர்களையே சந்திக்கலாம்.

ஜூலையில் ரொறன்ரோ பிரிஞ்ச் என்ற நாடக விழா வரும். 1989இலிருந்து நடக்கிறது. நாடகங்களைக் குலுக்கலில் எடுப்பதால் புதியவர்கள் நிறைய வருவார்கள், தொண்டர்களும் நிறையத் தேவை. விண்ணப்பம் திறந்ததும் மகளின் பெயரைப் போடச் சொல்லுங்கள். கறுப்புக் கால்சட்டை, சத்தம் போடாத கறுப்புச் சப்பாத்து, ஒரு சின்ன டோர்ச் லைட், இவை மூன்றும் வாங்கி வையுங்கள். முதல் நாளைக்கு அவ்வளவும் போதும்.