வாரா வாரம் வால்பாறை ஏறுற ஸ்விஃப்டுக்கு எந்த டயர் போடலாம்? (165/80 ஆர்14)

அட்டகட்டி_மேகம்:
வணக்கம்ங்க. வண்டி 2018 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 52,000 ஓடியிருக்கு, கம்பெனில இருந்து வந்த டயர்தான் இன்னும் ஓடுது. வேலை வால்பாறைல, வீடு பொள்ளாச்சில, திங்கக்கிழமை விடியக்காலைல ஏறி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எறங்கறேன். நாப்பது கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம், எந்த வளைவுல குரங்கு உக்காந்திருக்கும்ங்கிறது வரைக்கும் தெரியும்.

போன வாரம் ஏறும்போது நல்ல மழை. வளைவுல பிரேக்கை லேசாத்தான் தொட்டேன், முன்பக்கம் ஒரு முழம் வெளிய வழுக்கி அப்பறம்தான் புடிச்சுது. எதுக்கால பஸ்ஸு வரலை, வந்திருந்தா இந்த கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்.

இங்க ஒரு கடைல காமிச்சா "பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் கட்டை) இன்னும் இருக்கு, ஆறு மாசம் தாராளமா ஓட்டலாம்"ங்கிறாங்க. இன்னொரு கடைல "இந்த சைஸே ஒல்லி, 195 அகலம் போடுங்க அப்பத்தான் ரோட்டை புடிக்கும்"ங்கிறாங்க. யாரை நம்பறதுன்னு தெரியலை. ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா இல்ல நாலுமா, அதே சைஸா பெருசா, எந்த மாதிரி டயர்? பட்ஜெட் இருபதாயிரம், கொஞ்சம் முன்னபின்ன பரவால்ல.

நாமக்கல்_பத்துசக்கரம்:
ப்ரோ டயரை பாக்காம டயர் சொல்ல முடியாது, எங்கப்பா லாரி ஓட்டின காலத்துல இருந்து வீட்டுல சொல்றது இது. ஒரு டார்ச் எடுத்துட்டு போயி ஒவ்வொரு டயர்லயும் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்தை தேடுங்க, அதோட கடைசில ஒரு நாலு நம்பர் மட்டும் தனியா குழிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கும், அதை எழுதி போடுங்க. டயரோட ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம்தான் அது முழுசா இருக்கும், வெளிய காணோம்னா உள்பக்கம் குனிஞ்சு பாக்கணும். அப்படியே சைடுவால்ல, அதாவது டயரோட பக்கச் சுவத்துல, மெல்லிசா கோடு கோடா வெடிப்பு இருக்கா, முன் டயர் எந்த எடத்துல தேஞ்சிருக்கு, நடுவுலயா ஓரத்துலயான்னும் பாருங்க. ஸ்டெப்னியையும் விடாதீங்க.

அட்டகட்டி_மேகம்:
ப்ரோ இல்லீங்க, சிஸ்டர் 🙂 இப்பத்தான் வாசல்ல படுத்து எந்திரிச்சு வந்தேன், பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடி வந்துட்டாங்க. மூணு டயர்லயும் ஸ்டெப்னிலயும் 4817. முன்னாடி எடது பக்கம் மட்டும் 1121, அது கல்லு குத்தி சைடுவால் கிழிஞ்சு அப்ப ஒண்ணு மட்டும் மாத்தினது, மறந்தே போச்சு. 4817 எல்லாத்துலயும் தலைமுடி மாதிரி வெடிப்பு இருக்கு. முன் டயர் ரெண்டுமே நடுவுல நல்லா இருக்கு, ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு.

நாமக்கல்_பத்துசக்கரம்:
மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். 4817ன்னா 2017ம் வருஷம் 48வது வாரம் செஞ்ச டயர். ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. பட்டன் இருக்கறது வேற, ரப்பர் உயிரோட இருக்கறது வேற. வெயில்ல நின்னு நின்னு ரப்பர் இறுகிப் போயிடும், புது டயர்ல நகத்தை வெச்சு அழுத்தினா லேசா உள்ள போகும், உங்க டயர்ல அழுத்தி பாருங்க மேஜை மேல அழுத்தற மாதிரி இருக்கும். காஞ்ச ரோட்டுல ஒண்ணும் தெரியாது. ஈரத்துல, அதுவும் மலைமேல குளிர்ல, அந்த இறுகின ரப்பர் ரோட்டுல ஒட்டவே ஒட்டாது, அதான் உங்களுக்கு நடந்தது. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒருக்கா ஆள விட்டு பாக்கணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டிடணும்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. உங்க ரூட்டுக்கு, வெடிப்பும் வந்தாச்சு, பத்து வரைக்கும்லாம் காத்திருக்காதீங்க.

பட்டனுக்கும் அளவு இருக்கு. பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன சின்ன மேடு இருக்கும், ஓரத்துல டிடபிள்யூஐன்னோ ஒரு முக்கோணமோ போட்டு எடம் காமிச்சிருப்பாங்க. டயர் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்தா 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதோட முடிஞ்சுது. ஆனா மழை ரோட்டுக்கு 3 மில்லிமீட்டர் வந்தப்பவே நான் மாத்திடுவேன்.

நாலும் மாத்துங்க. காசு முடியலைன்னு ரெண்டுதான் போடறதா இருந்தா புதுசு ரெண்டும் பின்னாடி. முன்னாடி போடத்தான் எல்லா கடைலயும் சொல்வாங்க, என்ஜின் முன்னாடி இழுக்குதுல்ல அப்படின்னு. முன்னாடி வழுக்கினா நீங்க ஆக்ஸிலேட்டரை விட்டா ஓரளவுக்கு திரும்ப புடிக்கும், பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும், எறக்கத்துல சுத்தினா நம்ம கைல ஒண்ணும் இல்ல.

கேபி_கணக்கு:
அந்த 195 விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இது எல்லா கடைலயும் பாடற பாட்டு. 165/80 ஆர்14ல 165 அகலம் மில்லிமீட்டர்ல, 80ங்கிறது அந்த அகலத்துல 80 சதவீதம் சைடுவால் உயரம், 14 ரிம் இன்ச். போட்டு பாத்தா டயரோட மொத்த உயரம் 620 மில்லிமீட்டர் வரும். உங்க வண்டியோட டாப் மாடல்ல வர்ற 185/65 ஆர்15 போட்டாலும் 621 சொச்சம்தான், கம்பெனிக்காரன் கணக்கு போட்டுத்தான் குடுத்திருக்கான். 195/70 ஆர்14 போட்டா 629, ஸ்பீடாமீட்டர் காமிக்கறதை விட நிஜத்துல ஒண்ணரை சதவீதம் வேகமா போவீங்க, அது பெரிய விஷயம் இல்ல. ரிம்முதான் விஷயம். விஎக்ஸ்ஐல வர்றது ஒல்லி ஸ்டீல் ரிம், அதுல 195ஐ மாட்டினா டயர் பலூன் மாதிரி உப்பி நிக்கும், வளைவுல சைடுவால் ஆடும். பெருசு போட்டே ஆகணும்னா 185/70 ஆர்14 வரைக்கும் போலாம், அது 615 வரும், அந்த ரிம்முக்கும் உக்காரும். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் அடிபடும்.

அதுக்கப்பறம் சைஸ் பக்கத்துல 85டின்னு ஒண்ணு போட்டிருக்கும் பாருங்க. 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 'டி'ங்கிற எழுத்துன்னா மணிக்கு 190 கிமீ வரைக்கும் போலாம். புதுசு வாங்கும்போது இந்த ரெண்டும் குறையவே கூடாது, கூட இருக்கலாம்.

குன்னூர்_ரவுண்ட்ஸ்:
நான் 195 போட்டு மூணு வருஷமா மேட்டுப்பாளையம் குன்னூர் ரூட்ல தினமும் ஓட்டறேன், சும்மா ரயில் மாதிரி போகுது. கணக்கு எல்லாம் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கும் பாஸ். சிஸ்டர் மலை ரோடுன்னா ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் கூட பாக்கலாம், பெரிய பெரிய பட்டன், கல்லு குத்தினாலும் கிழியாது.

கேபி_கணக்கு:
காஞ்ச ரோட்டுல அகலம் நல்லா புடிக்கும், நான் இல்லைங்கலை. தண்ணி நிக்கற ரோட்டுல அகல டயர்தான் முதல்ல தண்ணி மேல ஏறி மிதக்கும், அவ்வளவு தண்ணியை அது ஒதுக்கி தள்ள வேண்டியிருக்கு. ஏடி டயர் மண்ணுக்கும் சேத்துக்கும் செஞ்சது, ஈரத் தார் ரோட்டுல பிரேக் தூரம் கூடும், சத்தம் வேற. வால்பாறை ரோடு தார் ரோடு பாஸ், காட்டு ரோடு இல்ல. எஸ்டேட்டுக்குள்ள மண்ணு ரோட்டுல தினமும் போறவங்களுக்கு வேணா யோசிக்கலாம்.

குன்னூர்_ரவுண்ட்ஸ்:
சரி சரி, ஏடி நான் போட்டதில்லை, அதை வாபஸ் வாங்கிக்கறேன். 195 நல்லாத்தான் இருக்கு 😄

வெள்ளலூர்_வால்வு:
பதினோரு வருஷம் டயர் கடைல வேலை பாத்தவன், இப்ப இல்ல. எல்லாரும் டயரை பத்தி பேசறீங்க, சிஸ்டர் சொன்ன ஒரு விஷயத்தை யாரும் புடிக்கலை. ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல நல்லா இருக்குன்னா காத்து கம்மியாவே ரொம்ப நாள் ஓடியிருக்கு. ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட் (சக்கரம் நிக்கற கோணம்) தப்பு, நடு மட்டும்னா காத்து ஜாஸ்தி. கொண்டை ஊசி வளைவும் ஓரத்தை திங்கும்தான், ஆனா ரெண்டு ஓரமும் இப்படின்னா காத்தை முதல்ல பாக்கணும். சிஸ்டர் நீங்க காத்து எப்ப புடிக்கறீங்க?

அட்டகட்டி_மேகம்:
வாரா வாரம் தவறாம புடிக்கறேங்க! வெள்ளிக்கிழமை எறங்கி வந்ததும் பொள்ளாச்சி பங்க்குல பெட்ரோல் போட்டுட்டு அங்கயே காத்தும் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு போவேன். கதவுல ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ கரெக்ட்டா அதேதான் வைக்கச் சொல்வேன்.

வெள்ளலூர்_வால்வு:
அங்கதான் இருக்கு. ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது டயர் குளிர்ந்து இருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. நீங்க மலை எறங்கி அறுபது சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் சூடு, ரோட்டு சூடு எல்லாம் டயர்ல ஏறி வந்து நிக்கறீங்க, அந்த சூட்டுல மீட்டர் நாலு அஞ்சு பிஎஸ்ஐ ஜாஸ்தி காட்டும். பங்க்கு பையன் அதை பாத்து காத்தை எறக்கி ஸ்டிக்கர் அளவுக்கு கொண்டு வந்துடுவான். திங்கக்கிழமை விடியக்காலைல வீட்டுல இருந்து கிளம்பும்போதே நாலு கம்மி. மேல வால்பாறை குளிருக்கு அஞ்சாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐன்னு இன்னும் எறங்கும். வாரா வாரம் ஒழுங்கா காத்து புடிச்சு வாரா வாரம் கம்மி காத்துல ஏறியிருக்கீங்க. நாளைக்கு காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, முன்னூறு நானூறு ரூபாய்க்கு கை மீட்டர் கிடைக்குது, ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல போட்டுக்கோங்க.

நைட்ரஜன் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. நீங்க புடிக்கற சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஃப்ரீயா குடுத்தா போட்டுக்கோங்க.

கேபி_கணக்கு:
அருமை வால்வு அண்ணா, எனக்கு தோணவே இல்ல. இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, தண்ணி நிக்கற ரோட்டுல டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் காத்தோட பிரஷரை பொறுத்தது. தோராயமா 30 பிஎஸ்ஐ இருந்தா மணிக்கு 90 கிமீ பக்கம், 24க்கு எறங்கினா 80 பக்கம். மலைல அந்த வேகம் இல்ல, ஆனா சிஸ்டர் கீழ எறங்கி உடுமலை ரோட்டுல மழைல 80ல போவாங்கல்ல.

டயர் மாடல் கேட்டீங்க. இந்த சைஸ் எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே எல்லார்கிட்டயும் இருக்கு. பேர் விட ரகத்தை பாருங்க, "லட்சம் கிலோமீட்டர் ஓடும்", "மைலேஜ் குடுக்கும்"னு விக்கற டயர்ல ரப்பர் பெரும்பாலும் கெட்டியா இருக்கும், உங்களுக்கு அது வேண்டாம். உங்க ஓட்டத்துக்கு டயர் தேயறதுக்கு முன்னாடி வயசாயிடும், அதனால ஈரத்துல புடிக்கற சாஃப்ட் ரகமே போடுங்க. நீளவாக்குல ஆழமா மூணு நாலு பள்ளம் ஓடணும், ஓரத்துல மெல்லிசா பிளேடு வெட்டின மாதிரி கீறல் இருக்கணும்.

வெள்ளலூர்_வால்வு:
அதே. மாட்டறதுக்கு முன்னாடி அந்த நாலு நம்பரை நீங்களே பாருங்க, கடைக்காரர் தப்பா நெனச்சுக்குவாரோன்னு கூச்சப்படாதீங்க. என் மச்சானுக்கே ஒரு கடைல ரெண்டரை வருஷம் கிடந்த ஸ்டாக்கை புதுசுன்னு மாட்டி விட்டாங்க, பில்லு போட்டதுக்கப்பறம்தான் பாத்தான். வால்வும் நாலு புதுசா போடச் சொல்லுங்க, பழைய வால்வுலதான் மெதுவா காத்து எறங்கும்.

அட்டகட்டி_மேகம்:
அப்டேட். இன்னைக்கு காலைல கை மீட்டர்ல பாத்தேன், ஸ்டிக்கர்ல இருக்கறதை விட அஞ்சு கம்மி, ஒரு சக்கரத்துல ஆறு. வால்வு அண்ணா சொன்னது அச்சு அசலா. ஏழு வருஷமா பங்க்கு பையனுக்கு பத்து ரூபா டிப்ஸு குடுத்து இப்படி பண்ணியிருக்கேன்.

நாலு டயரும் அதே 165/80 ஆர்14ல சாஃப்ட் ரகம் மாத்தியாச்சு. கடைல முதல்ல எடுத்துட்டு வந்ததுல ரெண்டு 1425, ரெண்டு 3123. நான் குனிஞ்சு நம்பரை பாத்ததும் அந்த தம்பி ஒண்ணும் பேசாம அந்த பழைய 3123 ரெண்டையும் திருப்பி உருட்டிட்டு போயி வேற எடுத்துட்டு வந்துட்டாரு. அலைன்மென்ட், பேலன்சிங், வால்வு எல்லாம் சேத்து பட்ஜெட்டை விட ஆயிரத்து சொச்சம் கூட. பழைய 1121 டயரை ஸ்டெப்னில போட்டுட்டேன், அது பரவால்லதானுங்க?

நாமக்கல்_பத்துசக்கரம்:
ஸ்டெப்னிக்கு அது போதும், சைடுவால்ல வெடிப்பு இல்லைன்னா. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழவழப்பு ஒரு பூச்சு மாதிரி இருக்கும், அது போற வரைக்கும் முதல் முன்னூறு கிலோமீட்டர் வளைவுல நிதானம். எறக்கத்துல செகண்ட் கியர்லயே விடுங்க, பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க.

அட்டகட்டி_மேகம்:
முன்னூறுன்னா எனக்கு ரெண்டரை வாரம். அது வரைக்கும் அலாரத்தை அரை மணி நேரம் முன்னாடி வெச்சுக்கறேன்.